பூஞ்சைக்கு ஏற்றிய குளுக்கோஸ்

“மருந்தைத் தின்னுற பூஞ்சை உங்ககிட்ட இருக்காமே. எனக்கு வேணும் டீச்சர். உடனே வேணும்.”

மரவாடிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் டாக்டர் வயிரவன். தலை முழுக்க நரை. அறுபது படுக்கை ஆஸ்பத்திரிக்குத் தலைவர். யாரிடமும் எதையும் கேட்டு நின்று பழக்கமில்லாத மனிதர்.

கேட்கப்பட்டவள் ஷமீமா. டாக்டருடைய மகள் வயதுதான் இருக்கும். பூஞ்சைகளைப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். மரத்தூளும் சிராயும் அள்ள அள்ளக் கிடைக்கும் என்பதற்காகவே காரைக்குடிப் பக்கம் இந்த மரவாடியைத் தேடி வந்து கொட்டகை போட்டுக்கொண்டாள். ஊரில் அவளுக்குக் காளான் டீச்சர் என்று பெயர்.

அவள் நிமிரக்கூட இல்லை. ஒரு கட்டையைப் பிளந்துகொண்டே கேட்டாள்.

“எந்தத் தண்ணிக்கு?”

“எங்க ஆஸ்பத்திரித் தண்ணிக்கு.”

“அது எங்க ஆரம்பிக்குது?”

“இதென்ன கேள்வி? சுத்திகரிப்புத் தொட்டியில இருந்து வருது.”

“அதுக்கு முன்னாடி?”

“வார்டுக் குழாய். கக்கூஸ். குளியலறை.”

“அதுக்கு முன்னாடி?”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“நோயாளி உடம்புல இருந்து வருது, போதுமா? முழுங்குற மாத்திரையில பாதி அப்படியே ஒண்ணுக்கோட வெளிய போயிடுது.”

“அதுக்கும் முன்னாடி?”

“டீச்சர், நான் பூஞ்சை கேட்டு வந்தேன். பரீட்சை எழுத வரல.”

ஷமீமா சிரித்துவிட்டாள். “சரி சார். பதில் எப்பக் கிடைக்குதோ அப்பச் சொல்லுங்க” என்றாள்.

விஷயம் இதுதான்.

ஆஸ்பத்திரித் தண்ணீர் தொட்டிகளில் சுத்தமாகி, வாய்க்காலில் இறங்கி, ஊர்க் கண்மாயில் போய்ச் சேரும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு நாற்றம் கிடையாது. டாக்டருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். இதில் வலி மாத்திரை இருக்கிறது, வலிப்பு மாத்திரை இருக்கிறது, ஆன்டிபயாடிக்கும் இருக்கிறது என்றார்கள். தொட்டியில் இருக்கிற கிருமிகளுக்கு அழுக்கைத் தின்னத் தெரியுமாம். மாத்திரையைத் தின்னத் தெரியாதாம்.

கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவர் சேவுகன் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்று கத்தினார்.

“எனக்கு வலியும் இல்ல, வலிப்பும் இல்ல. எதுக்குய்யா எனக்கு மாத்திரை? எங்க கெண்டை மீனுக்கு என்ன, காய்ச்சலா அடிக்குது?”

பேச்சோடு விடவில்லை. வாய்க்கால் வாயில் மணல் மூட்டையை வரிசை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். ஐப்பசி அடைமழைக்குள் தண்ணீர் சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரிசையையும் அடுக்கி அடைத்துவிடுவோம் என்றார்.

வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே திரும்பி வரும். அப்புறம் மூட வேண்டியதுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவத்துக்கு வேறு இடம் கிடையாது. வயிற்றுப்பிள்ளையோடு இருக்கிற பெண்கள் எங்கே போவார்கள்? இதை நினைத்தே டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் தகரக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

ஷமீமா பிளந்த கட்டையில் ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வெளுத்துப்போய், மேலே வெள்ளை நூல் படர்ந்து கிடந்தது.

“அமுக்குங்க சார்.”

டாக்டர் அமுக்கினார். தேங்காய் பர்பி மாதிரி உதிர்ந்துவிட்டது.

“இது மாமரம். வைரம் பாஞ்ச கட்டை. எந்தப் பல்லு கடிச்சு இப்படி ஆச்சு?”

“பூஞ்சைக்கு ஏது பல்லு?”

“வாயும் இல்ல. வயிறும் இல்ல. சாறை வெளிய விட்டு, வெளியிலேயே செரிச்சு, அப்புறம்தான் உறிஞ்சிக்கும். மரத்துல ரொம்பக் கெட்டியா ஒண்ணு இருக்கு. வேற யாராலயும் அதை அவ்வளவு சுலபமா உடைக்க முடியாது. இவன் சாறு உடைச்சிடும். உங்க மாத்திரையும் கிட்டத்தட்ட அதே மாதிரிக் கெட்டிதான். இவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.”

டாக்டர் உள்ளங்கையில் கிடந்த தூளைப் பார்த்தார். ஷமீமாவைப் பார்த்தார். மறுபடி தூளைப் பார்த்தார்.

“அடேயப்பா!”

மனிதருக்குக் காது வரைக்கும் சிரிப்பு. சின்னப் பிள்ளைக்குப் பட்டாசு வாங்கிக் கொடுத்தது போல ஆகிவிட்டார்.

“குடுங்க டீச்சர்! இப்பவே குடுங்க! என்ன சாப்பிடும்?”

“மரம்.”

“எப்படிப் பார்த்துக்கணும்?”

“ரொம்பப் பார்த்துக்காதீங்க.”

டாக்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். அவள் கொடுத்த பூஞ்சைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

சில நாளிலேயே திரும்பி வந்தார்.

“செத்துப்போச்சு டீச்சர்.”

“யார் கொன்னது?”

“சிஸ்டர் குளோரி.”

குளோரி அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். சுவரில் ஒரு புள்ளி பூசணம் கண்டாலும் வார்டையே காலி பண்ணச் சொல்கிறவர். பின்கட்டில் தொட்டிப் பக்கம் ஏதோ டிரம்முக்குள் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்தார். பதறிப்போய் அரை வாளி ஃபினாயிலைக் கொட்டிப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டார்.

டாக்டர் கத்தியதற்குக் குளோரி பதில் சொன்னார். “பூஞ்சையப் பார்த்தா விடக்கூடாதுன்னு இத்தனை வருஷமா நீங்கதானே டாக்டர் சொல்லிக்குடுத்தீங்க?”

அதற்கு மேல் நிற்காமல் டாக்டர் நேரே இங்கே வந்துவிட்டார்.

ஷமீமா இன்னொரு பை கொடுத்தாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

“ரொம்பப் பார்த்துக்காதீங்க.”

“ஃபினாயில் ஊத்தாதேன்னு சொல்றீங்க, புரியுது.”

“நான் அதை மட்டுமா சொன்னேன்?”

டாக்டர் அதற்குள் காரைக் கிளப்பிவிட்டார்.

இப்போது வரும் பகுதியைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பை அடக்க முடியாது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம். சாப்பிடாத நோயாளிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தலை சுற்றுகிறது என்றால் ஒரு பாட்டில். ஒன்றுமே இல்லாமல் அசதி என்று வந்தாலும் ஒரு பாட்டில். ஜனங்களும் அதைத்தான் கேட்பார்கள். பாட்டில் ஏற்றாமல் அனுப்பினால், “இவரெல்லாம் என்ன டாக்டரு” என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் பேசிக்கொண்டு போவார்கள். வாசலில் வந்து கத்தின சேவுகனே ஜலதோஷம் என்றால் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

டாக்டர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்சூண்டு மரச்சிராய். அதில் அங்கங்கே மெலிந்த வெள்ளை நூல். மேலே ஆஸ்பத்திரிச் சாக்கடைத் தண்ணீர் சொட்டுகிறது.

“பாவம் சிஸ்டர். இந்த மரத்தத் தின்னு இது எங்க தேறப் போகுது?”

“ரொம்ப வீக்கா இருக்கு டாக்டர்.”

“இதுக்குத் தெம்பு வேணும்.”

“ஏத்திடலாமா?”

“ஏத்துங்க!”

பின்கட்டில் டிரம்களைச் சுற்றி இரும்பு ஸ்டாண்டுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குளுக்கோஸ் பாட்டில். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு டியூப். சொட்டு எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்க்க ஒரு நர்ஸ். காலையும் சாயங்காலமும் டாக்டரே ரவுண்ட்ஸ் வந்தார். உட்கார்ந்திருந்த நர்ஸ் எழுந்து நின்றாள்.

பூஞ்சைக்கு ரவுண்ட்ஸ்!

ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். டிரம்முக்குள் நுரை பொங்கியது. சிராய்மேல் வழவழவென்று ஏதோ வெள்ளையாக ஏறியது.

“வளருது சிஸ்டர், வளருது! நான் சொல்லல?”

அப்புறம் நாற்றம் கிளம்பியது. பிரசவ வார்டு வரைக்கும் போனது. டிரம்மின் வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகி, தொட்டால் கையில் சளி மாதிரி ஒட்டியது.

சேவுகன் மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“டாக்டரு, முன்னாடி மருந்து மட்டும்தான் வந்துச்சு. இப்ப நாத்தமும் சேர்த்து அனுப்புறீங்க. நல்லா இருக்குய்யா உங்க வைத்தியம்! மேகம் கூடுது, பாத்துக்கங்க. இன்னும் ஒரே வரிசை மூட்டைதான் பாக்கி.”

டாக்டர் ஷமீமாவுக்குப் போன் போட்டார்.

“டீச்சர், நான் என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கிட்டேன். அப்பவும் சாகுது. உங்க பூஞ்சை சரியில்ல.”

ஷமீமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பின்கட்டுக்கு நடந்தாள். ஸ்டாண்டுகளையும் பாட்டில்களையும் எழுந்து நின்ற நர்ஸையும் பார்த்தாள்.

ஒரு பாட்டிலை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சிரிக்காதீங்க டீச்சர். எனக்கு உசிரு போகுது” என்றார் டாக்டர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கேன்டீன்ல இருந்து கொஞ்சம் சீனி கொண்டுவரச் சொல்லுங்க சார்.”

சீனி வந்தது. ஷமீமா தன் பையிலிருந்து வெள்ளைப் பூஞ்சை படர்ந்த ஒரு கட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். அதன் முன்னால் சீனியைக் கொட்டினாள்.

“இது யாருக்கு சார்?”

“பூஞ்சைக்கு.”

“பார்த்துக்கிட்டே இருங்க.”

டாக்டரும் குளோரியும் குனிந்து நின்று பார்த்தார்கள். ஒரு எறும்பு வந்தது. அது போய் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகு சொல்ல வேண்டுமா? சுவர் ஓட்டையிலிருந்து சீனி வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. பூஞ்சைக் கட்டையின் மேலேயும் எறும்பு ஏறிவிட்டது.

“யாருக்கு வெச்சோம்?”

டாக்டர் கட்டையைக் காட்டினார்.

“யார் தின்னா?”

டாக்டர் காலில் ஏறிய எறும்பை உதறினார்.

ஷமீமா சீனியை ஊதித் தள்ளினாள். அதே இடத்தில் ஒரு மரச்சிராயை வைத்தாள். எறும்புகள் வந்தன. முகர்ந்து பார்த்தன. போய்விட்டன.

“கரையான் வரும்” என்றார் குளோரி. அவருக்குத் தோற்றுப்போகப் பிடிக்காது.

“வரும் சிஸ்டர். ஆனா டிரம் தண்ணிக்குள்ள வராது.”

டாக்டர் சிராயைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். மேலே தொங்குகிற பாட்டிலைப் பார்த்தார். நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டார்.

“அட! அட என் புத்தியே! சாக்கடைக் கிருமிக்கெல்லாம் நான் விருந்து வெச்சிருக்கேன்! அதுங்க தின்னு கொழுத்து இவன் கழுத்தை நெரிச்சிருக்கு!”

“மரத்தை மட்டும் வெச்சா?”

“வேற எவனுக்கும் வேண்டாம்! இவனுக்கு மட்டும்தான்! சிஸ்டர், புரியுதா? இவனுக்கு மட்டும்தான்!”

“புரியுது டாக்டர். மெதுவாப் பேசுங்க, வார்டுல தூங்குறாங்க.”

ஷமீமா கத்தரிக்கோலை எடுத்து ஒரு டியூபை வெட்டினாள். கத்தரிக்கோலை டாக்டரிடம் நீட்டினாள். மீதியை அவரே வெட்டினார்.

மரவாடியிலிருந்து மாமரச் சிராய் வண்டியில் வந்து இறங்கியது. டிரம்களைக் கழுவி, கழுத்து வரைக்கும் சிராயை நிரப்பி, நடுநடுவே புதிய பூஞ்சையை வைத்தார்கள். முதலில் சும்மா ஊறவிட்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரித் தண்ணீரை மேலேயிருந்து மெல்லச் சொட்டவிட்டார்கள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

“பசிச்சா?”

“பசிக்கணும். மரம் கெட்டியாச்சே, சும்மாவா உடையும்? பசிச்சாத்தான் அந்தச் சாறை விடும்.”

“நான் என்ன செய்ய?”

“கையப் பின்னாடி கட்டிக்கங்க.”

அவர் நிஜமாகவே கட்டிக்கொண்டார். அதுதான் வேடிக்கை. காலையும் சாயங்காலமும் வருவார். டிரம்மைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டியபடி நடப்பார். விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருக்கும். எதையாவது எடுத்து எதிலாவது ஊற்ற அந்தக் கைகள் தவியாய்த் தவித்தன.

“ஒரே ஒரு ஸ்பூன் சீனி டீச்சர்?” என்று போனில் கேட்பார்.

“எறும்பு” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் அவர் மூடியைத் திறந்தார்.

வெள்ளை!

சளி இல்லை, நுரை இல்லை. பஞ்சு மாதிரிச் சுத்தமான வெள்ளை. ஒரு சிராயிலிருந்து அடுத்த சிராய்க்கு நூல் நூலாகத் தாவி, அத்தனையையும் சேர்த்துப் பிணைத்திருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். மழை பெய்த தோப்பு வாசனை.

டாக்டர் வயிரவன் ஓடினார். வராந்தாவில் செருப்பில்லாமல் ஓடினார்.

“பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சு! சிஸ்டர்! ஓடியாங்க!”

பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“பொறந்துருச்சா டாக்டரு? ஆணா, பொண்ணா?”

“பூஞ்சை!” என்று கத்திவிட்டு அவர் போய்விட்டார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. குளோரிதான் போய்ச் சமாதானம் செய்தார்.

இன்னும் சில நாளில் டிரம்மின் ஓட்டைகள் வழியே சிப்பி சிப்பியாகக் காளான்கள் எட்டிப் பார்த்தன. டாக்டர் ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார்.

“சமைக்கலாமா டீச்சர்?”

“மருந்துத் தண்ணியில வளர்ந்தவன் சார். உங்களுக்கு வலிப்பு இருந்தாச் சொல்லுங்க, யோசிப்போம்.”

டாக்டர் காளானைச் சட்டென்று கீழே போட்டார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கல்லூரிக்காரர்கள் வந்து, டிரம்மிலிருந்து வெளியே வருகிற தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவைப் போனில் சொன்னார்கள். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார். சேவுகன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

வலி மாத்திரை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

“ஆஹா!” என்றார் டாக்டர்.

வலிப்பு மாத்திரை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

“ஆஹாஹா!” மேசையில் குத்தினார்.

ஆன்டிபயாடிக் குறைந்திருக்கிறது. ஆனால் இன்னும் நிறைய இருக்கிறது. உள்ளே வருகிற அளவே மிகவும் அதிகம் என்றார்கள்.

சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மத்ததெல்லாம் சந்தோஷம் டாக்டரு. உங்க பூஞ்சைக்கு ஒரு கும்பிடு. ஆனா மீதி யாருக்கு? எங்க பிள்ளைங்க குளிக்கிற தண்ணி அது. நாளைக்கு நெசமாவே ஒரு புண்ணு வந்து அந்த மருந்தக் குடுத்தா கேக்காமப் போயிரும்னு அந்தக் கல்லூரிப் பசங்களே சொன்னாங்க. நான் ஊருக்கு என்ன பதில் சொல்ல?”

டாக்டர் போனை அணைத்தார்.

“மழை பிடிக்கட்டும். கடைசி வரிசையை அடுக்கிருவோம். தப்பா நினைக்காதீங்க” என்று சேவுகன் எழுந்து போனார்.

டாக்டர் தகரக் கொட்டகைக்குப் பறந்தார்.

“இன்னும் நாலு டிரம் வெப்போம் டீச்சர்! பத்து வெப்போம்! வேற பூஞ்சை இருக்கா? இதவிடப் பெரிய பசிக்காரன்?”

ஷமீமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“எத்தனை டிரம் வெச்சாலும் நீங்க அதுக்கு மேல அனுப்புவீங்க சார்.”

“நானா? நான் எங்க அனுப்புறேன்?”

“தண்ணி எங்க ஆரம்பிக்குது?”

“மறுபடியும் இதுதானா? டீச்சர், வானத்தைப் பாருங்க! என் ஆஸ்பத்திரி மூடப் போகுது. விளையாடாதீங்க!”

அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“நாளைக்கு வர்றேன். உங்க கூடவே இருக்கேன்” என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே தூறல். ஷமீமா வந்தபோது டாக்டர் வெளிநோயாளிகள் அறையில் உட்கார்ந்திருந்தார். அவள் கதவோரம் நின்றாள்.

உள்ளே முதல் நோயாளி சேவுகன். தலையில் துண்டு, கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“அச்! நேத்து ராத்திரி பெஞ்ச மழையில உங்க வாய்க்கால்ல மூட்டை சரிஞ்சிருச்சு டாக்டரு. அதை ஏத்தி வைக்கப்போய் நல்லா நனைஞ்சிட்டேன். அச்!”

“வாயத் திறங்க. ஆ சொல்லுங்க. மூச்ச இழுங்க.”

சாதாரண ஜலதோஷம். நெஞ்சில் ஒரு சளிச் சத்தமும் இல்லை. காய்ச்சலும் இல்லை.

“வழக்கமாக் குடுக்கறதக் குடுங்க. ஒரு ஊசி, ஒரு பாட்டில். அப்புறம் அந்தச் செவப்பும் மஞ்சளுமா ஒரு மாத்திரை எழுதுவீங்களே, அதையும் எழுதுங்க. அதுதான் எனக்குக் கேக்கும்.”

குளோரி பாட்டில் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். டாக்டரின் கை தானாகவே சீட்டை இழுத்தது. பேனா தானாகவே திறந்தது. தன்னை யார் எழுதச் சொன்னார்கள் என்று அந்தக் கை கேட்டதே இல்லை.

முதல் எழுத்து விழுந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். சேவுகன் தலைக்கு மேலே பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேனா நின்றது.

பாட்டிலைப் பார்த்தார். சேவுகனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் விழுந்தது. அப்படி ஒரு வேகத்தில் எழுந்தார்.

“டீச்சர்! டீச்சர்!”

“இங்கதான் சார் இருக்கேன்.”

பேனாவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“வார்டுக்கும் இந்தப் பேனாதான்! இதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல! இங்கதான் டீச்சர்! இங்கதான் ஆரம்பிக்குது!”

ஷமீமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“அப்ப நான் கிளம்பலாம்” என்றாள்.

சேவுகனுக்கு ஒரு இழவும் புரியவில்லை.

“என்னய்யா ஆரம்பிக்குது? என் பாட்டில் என்னாச்சு? மாத்திரை எழுதலையா?”

டாக்டர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“எழுதறேன் சேவுகன். இப்பவே எழுதறேன். ஆனா அதுல பாதி அப்படியே ஒண்ணுக்கோட போயிடும், நாளைக்குக் காலையில எங்க போய்ச் சேரும்னு உங்களுக்குத் தெரியும். அது ஆன்டிபயாடிக், இந்தச் சளிக்கு ஒரு வேலையும் செய்யாது, அதையும் இப்பவே சொல்லிடறேன். சொல்லுங்க, எழுதட்டுமா?”

சேவுகன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னல் வழியே வாய்க்கால் தெரிந்தது. மூட்டைகளும் தெரிந்தன. தூறல் வலுத்துக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷமா எழுதினீங்களே?”

“எழுதினேன்.”

“நானும் கேட்டு வாங்கிக்கிட்டேன்.”

“வாங்கிக்கிட்டீங்க.”

குளோரி ஸ்டாண்டை வந்த வழியே உருட்டிக்கொண்டு போனார்.

சேவுகன் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“டேய், எங்கடா இருக்கீங்க? வாய்க்கால்லயா? கடைசி வரிசை அடுக்க வேணாம். ஆமாடா, நான்தான் சொல்றேன். தூக்கின மூட்டையக் கீழ வையி. அடுத்த சோதனை வரட்டும், பாத்துக்கலாம்.”

போனை வைத்தார். பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

“சரி டாக்டரு, வீட்டுல ரசம் வைக்கச் சொல்லிடறேன். மிளகு தூக்கலாவே இருக்கலாமில்ல?”